கம்ப்யூட்டரில் உனக்கு இருந்த பாடு

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட என் ஏழுமலை மாமாவுக்கு,

கன்னியம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வேண்டியது வேறு. ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பதினோரு வருஷம் உன் பக்கத்திலேயே ஏரியில் முட்டி போட்டுக் கையால் இறால் தடவிப் பிடித்தவள் நான். என் புருஷனுக்குக் கேம் ஆடும் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்று, உன் காரியம் முடிந்த பிறகு ஊரான் வந்து சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்?

நீ போனதே இன்னும் என் தலையில் ஏறவில்லை. கழுத்தளவு தண்ணீரில் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு நீ குனிந்திருந்தாய். கொஞ்சம் தள்ளி நான். நண்டு வளையில் கையை விட்டிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். “இன்னாயா இவ்ளோ நேரம், பெருசா மாட்டிக்கிச்சா?”ன்னு கேட்டேன். கேட்டுவிட்டு நாலு இறால் பிடித்து என் பறியில் போட்டேன். நாலு இறால், மாமா! அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயசில் என்ன மாரடைப்பு, நேற்றுவரை ஒரு தலைவலி என்று படுத்த ஆளா நீ?

காரியம் முடிந்த மறுநாள் காலை ரெண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தன் பழவேற்காடு பஜாரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாபு. இன்னொருத்தன் வலைக்காரர் வீட்டுத் தேசப்பன். உன் சிநேகிதர்கள் என்று தெரியும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணி, அண்ணனோட பங்கு ஒண்ணு எங்ககிட்ட கீது,” என்றான் பாபு.

“இன்னா பங்கு?”

“கேம் ஆடுற கம்ப்யூட்டர் அண்ணி. மூணு பேரும் சேர்ந்து ஒரு வருசமா ஒவ்வொரு சாமானா வாங்கினு வர்றோம். கிராபிக்ஸ் கார்டு ஒண்ணுதான் பாக்கி.”

“யாரு, என் புருசனா? கேமா?” என்றேன். ஆள் மாறி வந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வாரத்தில் மூணு நாள் சாயங்காலம் பஜாருக்குப் போய்விட்டு நீ தாமதமாக வருவாய். குடிக்கிறாய் என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். எத்தனை நாள் உன்னை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறேன்! நாற்றமே இல்லாத சரக்கு ஏதோ புதுசாக வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன். நீயும் பேசாமல் ஊதிக் காட்டிக்கொண்டே இருந்தாயே, பாவி.

கூரை ஷீட்டு மாற்றாமல் இதற்குச் செலவு செய்தால் கத்துவேன் என்று மறைத்தாயா? கத்தியிருப்பேன். தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருப்பேன். கத்தி முடித்துவிட்டு, “சரி, காட்டுய்யா பாக்கலாம்”னு கூடவே கிளம்பியிருப்பேன். அது உனக்கு ஏன் தெரியாமல் போனது?

அன்றைக்கு அதோடு முடியவில்லை. அண்ணன் போட்ட காசைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றான் தேசப்பன். மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் அவன் மச்சான் உன் பங்குக்கு வருகிறானாம். வரும்போதே புதுக் கார்டாக வாங்கிக்கொண்டு வருகிறானாம்.

“சீட்டுல அண்ணன் பேரை எடுத்துட்டு, மச்சான் பேரை எழுதிப்போம்,” என்றான்.

“சீட்டா? இன்னா சீட்டு?”

“ஒரு கம்ப்யூட்டர், மூணு பேரு. எந்த நாளு யாரு ஆடுறதுன்னு சண்டை வரக் கூடாது இல்ல? அதான் ஏரில வக்கிற மாரி பாடு வச்சிக்கினோம். கார்டு இல்லாமலே சின்ன கேமுங்க ஓடுது. மாசா மாசம் பேரெழுதி சொம்புல போட்டுக் குலுக்குவோம்.”

பாடா? நமக்கா, மாமா? ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று வலைக்காரர்கள் சீட்டுக் குலுக்கிப் பாடு பிரித்துக்கொள்வார்கள். கையால் தடவிப் பிடிக்கிற நமக்கு அதில் பேர் கிடையாது. அவர்கள் வலை கட்டாத மூலையில்தான் நாம் முட்டி போட வேண்டும். உங்க அப்பாவுக்கும் பாடு இல்லை, எங்க நைனாவுக்கும் இல்லை. உன் பேரை எழுதிய சீட்டு ஒன்று உலகத்தில் முதல்முதலாக ஒரு சொம்புக்குள் விழுந்திருக்கிறது. அதையும் எடுக்க வந்து என் வாசலில் நிற்கிறார்கள்.

“அந்தச் சீட்டு மேல எவனாவது கைய வச்சிப் பாருங்க,” என்றேன்.

“அண்ணி, பேஜார் பண்ணாதீங்க. நீங்க இன்னா கேமா ஆடப் போறீங்க? பொம்பளைக்கு ஏது பாடு?” என்றான் தேசப்பன்.

“ஆடுவேன், இல்ல அது மேல ஈரத்துணி காயப் போடுவேன். உனக்கு இன்னா போச்சு?”

நல்லவேளை, பாபு குறுக்கே வந்தான். முதலில் அண்ணி வந்து பார்க்கட்டும் என்றான். செருப்பைக்கூடப் போடாமல் அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன்.

கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்புக்குள் கறுப்பாக ஒரு பெட்டி. இதற்கா இத்தனை என்று இருந்தது. பாபு பக்கத்துத் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒவ்வொன்றிலும் உன் பேச்சுத்தான். கண்ணாடி வைத்த, கலர் லைட் எரிகிற கேபினெட்டுத்தான் வேண்டும் என்று அவர்கள் நின்றபோது, ஷோக்குக்குக் காசு போடாதே, இரும்புப் பெட்டி போதும் என்றது நீயாம். எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்த ஆள், பவர் சப்ளையில் மட்டும் புதுசு, நல்லது, கெட்டியானது என்று பிடிவாதமாக நின்றாயாம். “நம்மூரு கரண்ட்டு ஆடுற ஆட்டத்துக்கு, மட்டமானதைப் போட்டா மொத்தத்தையும் வாரிக்கினு பூடும்”னு சொன்னாயாம். பிராசஸர் போன தலைமுறையுடையது. மானிட்டர், மூடின ஆபீஸ் ஒன்றிலிருந்து வந்த பழையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன், உப்பு வாங்கிவா என்றால் சர்க்கரை வாங்கி வருகிற மனுஷன், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?

நீ செய்த கூத்தையும் சொன்னான். ஏரிக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று, படகு இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸை எடுத்து ராம் என்கிற மெமரித் தகட்டின் பல்லிலெல்லாம் பூசிவிட்டாயாமே! பெட்டி ஊமையாகக் கிடந்ததாம். பாபு பள்ளிக்கூடத்து ரப்பரை வைத்து ஒரு மணி நேரம் தேய்த்து எடுத்தானாம். நீ போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். சிரித்த சத்தத்தைக் கேட்டு நானே திடுக்கிட்டுப் போனேன்.

“பழைய சாமானை நாங்க கண்ணால பாப்போம் அண்ணி. அண்ணன் கண்ணை மூடினு தடவுவாரு,” என்றான் பாபு. “மெட்ராஸ்ல ஒரு கடையில போர்டு ஒண்ணைத் தடவிட்டு, ‘இங்க ஒண்ணு உப்பினு கீது, வேணாம்’ன்னாரு. கடைக்காரன் கண்ணாடி போட்டுப் பாத்துட்டு அரண்டுட்டான். பழைய கார்டுன்னா இருக்கிற காசுக்குள்ள அடங்கும். ஆனா பாத்து எடுக்க அண்ணன் இல்லியே. அதான் தேசப்பன் மச்சானை இழுக்கிறான்.”

“அவரு தடவுவாருன்னா, நான் இன்னா ஏரிக்குப் பூப்பறிக்கவா போனேன்?” என்றேன். “அவருக்கு முன்னாடியே தடவக் கத்துக்கினவ நானு. கூட்டினு போங்க என்னை.”

தேசப்பன் யோசித்தான். கடைசியில், “நீங்க எடுக்கிற கார்டு ஓடுச்சுன்னா பங்கு நிக்கட்டும். ஓடலன்னா என் மச்சான்தான். அப்பால பேசக் கூடாது,” என்றான். சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கார்டு உருண்டையா சதுரமா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் மூணு பேரும் பஸ் பிடித்துத் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி, அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு பழைய சாமான் கடையில் மூணு கார்டு எடுத்து வைத்தார்கள். முதலாவது பளபளவென்று, ரெண்டு காற்றாடியோடு, தாம்பாளம் மாதிரி இருந்தது. ரெண்டு பேருக்கும் வாயில் ஜொள்ளு. நான் ரெண்டாவதை எடுத்துக் காற்றாடியை விரலால் சுற்றிவிட்டேன். உள்ளே நறநறவென்று விரலுக்குத் தெரிந்தது. தள்ளி வைத்தேன். பிறகு அந்தப் பளபளப்பை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். உப்பல் இல்லை, வளைவு இல்லை, காற்றாடி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுதான் என்று வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் ஓரத்து ஆணிக்கு அடியில் நகம் போய் நின்றது. மெத்தென்று என்னமோ நகத்தோடு வந்தது. ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். எனக்குத் தெரியாத சேறா, மாமா?

“இது தண்ணில கெடந்தது,” என்றேன்.

“இன்னாம்மா பேசற? ஆபீஸ்லேர்ந்து வந்த சரக்கு. வாங்கறதுன்னா வாங்கு, இல்ல வழியை விடு,” என்று கடைக்காரன் எகிறினான்.

நகத்தில் இருந்ததை அவன் பில் புத்தகத்தின் மேல் தடவினேன். “இது ஆபீஸ்ல இருக்கிற சாமானா? மோந்து பாரு,” என்றேன். அவன் மோந்து பார்க்கவில்லை. புத்தகத்தை இழுத்து மூடிவிட்டுக் குரலை இறக்கி, “வெள்ளத்துல நனைஞ்ச சரக்கும்மா. கழுவிக் காயவச்சிதான் குடுக்கறோம். ஓடும்,” என்றான். எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். அவன் கார்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டான். தேசப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூணாவது, ஒற்றைக் காற்றாடி வைத்த அழுக்குக் கார்டு. அதில் இருந்தது காய்ந்த தூசி, வீட்டுத் தூசி. ஆணித் தலை ஒன்றிலும் கீறல் இல்லை, எவனும் திறந்ததே இல்லை. அதை எடுத்தேன். பாபு அங்கேயே மாட்டச் சொல்லி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். நிற்காமல் ஓடியது. திரும்பும்போது ரயிலில் மடியில் அட்டைப்பெட்டியோடு ஓவென்று அழுதேன். என்னால் முடியும் என்று எனக்கே தெரியாது, அதைச் சொல்லலாம் என்றால் நீ இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா மிக்சர் பொட்டலத்தை நீட்டினாள்.

அன்றைக்கே சீட்டு எழுதினார்கள். உன் சீட்டில் பாபு “ஏழுமலை” என்று எழுதினான். தேசப்பன் சொம்பை எடுத்து நீட்டினான். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. குலுக்கியதில் முதல் நாளே உனக்கு விழுந்தது. உட்காருங்க அண்ணி என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

திரையில் துப்பாக்கியோடு ஒருத்தன் நின்றான். இந்த மௌசை நகர்த்தினால் திரும்புவான், இதை அழுத்தினால் நடப்பான் என்று பாபு சொல்லிக் கொடுத்தான். நாலு எட்டு வைப்பதற்குள் டமால் என்று ஒரு சத்தம். ஆள் மல்லாந்துவிட்டான்.

“இன்னா ஆச்சு?”

“சுட்டுட்டானுங்க அண்ணி. நீங்க செத்துட்டீங்க.”

“அவ்ளோதானா?”

“ஜல்திப்படாதீங்க, இருங்க.”

பத்து எண்ணியிருக்க மாட்டேன். அவன் எழுந்து நின்றான். அதே சட்டை, அதே துப்பாக்கி, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“இன்னாடா இது! எழுந்துட்டானே!” என்று நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

“அப்படித்தான் அண்ணி. எத்தினி வாட்டி செத்தாலும் வருவான்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி உட்கார்ந்து வேண்டுமென்றே அவனைக் கொண்டுபோய்ச் சுடுகிறவன் முன்னால் நிறுத்தினேன். விழுந்தான், எழுந்தான். மாடியிலிருந்து தள்ளினேன். எழுந்தான். தண்ணீரில் முக்கினேன். அதற்கும் எழுந்தான். “அண்ணி, போதும் அண்ணி,” என்று பாபு மெதுவாகச் சொன்னான். கரையில் உன்னைக் கிடத்தி நான் எவ்வளவு நேரம் உலுக்கினேன்? ஆஸ்பத்திரியில் துணியைப் போர்த்தின பிறகும் உலுக்கினேனே. காரியம் செய்த அன்றைக்கும் ராத்திரிச் சோறு ரெண்டு பேருக்கு வடித்தேன். நேற்றுவரை அப்படித்தான் வடித்துக்கொண்டிருந்தேன், மாமா.

மௌசை வைத்துவிட்டு, “பாபு, அந்தச் சீட்டைக் குடு,” என்றேன். பேனாவும் கேட்டேன். உன் பேரின் மேல் ஒரு கோடு போட்டேன்.

தேசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணி, இன்னா பண்றீங்க? இந்தப் பேருக்காகத்தானே அவ்ளோ சண்டை போட்டீங்க?”

“அவரு வர மாட்டாரு தேசப்பா,” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “வர்றவ பேரு சீட்டுல இருக்கட்டும். கன்னியம்மான்னு எழுது.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் புதுத் துண்டுச் சீட்டு கிழித்து எழுதினான். எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொம்பில் போடவிட்டேன்.

கோவிச்சுக்காதே மாமா. உன் பேரை எடுத்தது நான்தான், வேறு எவனையும் எடுக்க விடவில்லை. இனி என் பாடு நாள் ஒன்றைக்கூட விட மாட்டேன். காய்ச்சல் அடித்தாலும் போவேன், தோற்றாலும் போவேன், அந்தத் துப்பாக்கிக்காரனை ஒழுங்காக நடக்க வைக்கிறவரைக்கும் போவேன். இன்றைக்கு ராத்திரி ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டி,
மூணில் ஒரு பங்குக்காரி,
கன்னியம்மா