பட்டன் டப்பாவில் மூன்று நிறம்

அன்புத் தங்கச்சிக்கு,

நாலு தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதி, நீ இருக்கும் உன் மகள் ஊருக்குப் போகும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் நலம்.

நம் தையல் கடையில் முப்பது மெஷின் ஓடுவதே பட்டன் டப்பாவில் நான் வைத்திருக்கும் மாத்திரையால்தான். முதுகுவலிக்குச் சிவப்பு, தலைவலிக்குப் பச்சை, உடம்புவலிக்கு வெள்ளை. எட்டாவதோடு நின்றவன் என்றாலும், நாலு டாக்டர்கள் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். சரி, ஒருத்தர். அவரும் பேன்ட் தைக்க வந்தவர்.

உன் வீட்டுக்காரர் மூன்று வாரமாக வேளைக்கு மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டு சிங்கம் மாதிரி தைத்தார். நேற்று அவர் கண் மஞ்சளாக இருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டப்பாவையும் பெருமையாக எடுத்துப்போனேன்.

டாக்டரம்மா மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் படித்தார்.

"பெரியவரே, கம்பெனிதான் வேற. மூணும் ஒரே மருந்து. ஈரல் எப்படித் தாங்கும்?"

"நிறம் வேற வேறயா இருக்குதுங்களே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளைதான் சிரித்தார். "மச்சான், உங்க டாக்டர் பட்டம் போச்சே!" என்றார். அப்புறம் கண்ணை மூடினார். காலையிலிருந்து கூப்பிட்டாலும் திறக்கவில்லை.

உடனே புறப்பட்டு வா, தாயி. உன் மூட்டுவலிக்கென்று நான் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேனே, அதிலும் மூன்று நிறம்தான். அதைத் தொடாதே. தொட்டிருந்தால், வரும் வழியிலேயே டாக்டரைப் பார். முதலில் போனை எடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்