எல்லாம் நோர்மல்

மாத்தளை
14.10.2024

றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் நம்பரை நீ பிளாக் பண்ணி மூன்று வருடமாகிறது. அதனால்தான் கடிதம். பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடுகிற பலாபத்வலைக்கு முத்திரை ஒட்டி எழுதுகிறேனே என்று தபால் கந்தோரில் நிற்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

உம்மா சுகமா? நப்லானைப் பள்ளிவாசலில் காண்கிறேன். ஸலாம் சொன்னால் பதில் சொல்கிறான், அதற்கு மேல் உன் தம்பி வாய் திறப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து எனக்கு உடம்பு முழுக்க வலி. தோளில் தொடங்கும், பிறகு இடுப்பு, முழங்கால் என்று இடம் மாறும். கடைக் கதவைத் தூக்க முடியவில்லை, மிளகு மூட்டையைக் கண்டாலே பயம். எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவன் மாதிரியே எழும்புகிறேன். ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபாக்டர், தைரொய்ட், வைட்டமின் டீ என்று டொக்டர்மார் எழுதித் தந்த எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டேன். எல்லாம் நோர்மல். இன்டர்நெட்டில் தேடினால் ஒருவன் ஒரு டெஸ்டைச் சொல்கிறான், அடுத்தவன் அது வீண் என்கிறான்.

கண்டியில் ஒரு டொக்டர் உன் நோயைக் கண்டுபிடித்துவிட்டாராம், இப்போது தையல் வகுப்புக்கூட நடத்துகிறாயாம். கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். உன் நோய் எந்த டெஸ்டில் தெரிந்தது? அதன் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

ஸப்வான்


பலாபத்வல
21.10.2024

ஸப்வான் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. மற்றது எதுவும் எனக்குக் கடமையில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் விஷயத்துக்காக, இரண்டாம் தரம் ருசிக்காக. "எல்லாம் நோர்மல்" என்ற இடத்தில் நின்று நின்று வாசித்தேன்.

காதியார் முன்னால் நம் தலாக் விசாரணை நடந்த நாள் உங்களுக்கு மறந்திருக்கும். என்னுடைய ரிப்போட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக விரித்து வைத்தீர்கள். "பாருங்க, எல்லாம் நோர்மல். இவக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. சரியான வேலக்கள்ளி, அவ்வளவுதான்" என்றீர்கள். உங்கள் கூடப்பிறந்த பஸீர் நானா தலையாட்டினார். நான் பிடித்துக்கொண்டு நின்ற கதிரையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும்.

வாப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "மகள், எனக்கிட்ட மட்டும் சொல்லுங்க. உண்மையிலேயே வலிக்கிதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் நீங்கள் தலாக் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த நோன்புக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். நான் சொன்ன பதிலை அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. இதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

உங்களுக்குப் பதில் வேண்டுமென்றால் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, பஸீர் நானாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உம்மா, நப்லான், மாமா, அன்றைக்கு அந்த அறையில் இருந்த எங்கள் ஆட்கள் முன்னால், "றமீஸா நடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

றமீஸா


மாத்தளை
30.10.2024

றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவைப் பற்றி நீ எழுதியது எனக்குத் தெரியாது. அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். அதற்காகப் பழையதை எல்லாம் கிளற வேண்டுமா? நீ பொய் சொல்லவில்லை என்று இதோ இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அது போதாதா? பஸீர் நானாவின் குணம் உனக்குத் தெரியும், அவர் இந்தப் பேச்சுக்கே வரமாட்டார்.

என் நிலைமையைச் சொன்னால் உனக்கு இரக்கம் வரும். நெற்றியைத் தரையில் வைத்தால் ஸுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் இப்போது பள்ளியில் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறேன். என்னைவிட மூத்தவர்கள் கீழே தொழுகிறார்கள். உனக்குப் பிறகு நான் கட்டிய ஜெஸீமா ஆரம்பத்தில் தைலம் தேய்த்துவிட்டாள். இப்போது, "ரிப்போட் எல்லாம் கிளீன் எண்டா என்னத்துக்கு இப்பிடிப் படுத்திருக்கீங்க?" என்று கேட்கிறாள். நானா கடையில் ஆட்கள் முன்னாலேயே என்னைச் சோம்பேறி என்கிறார். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த டெஸ்டின் பெயரை எழுது. ரிப்போட்டில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தால் போதும், இவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

ஸப்வான்


பலாபத்வல
4.11.2024

ஸப்வான் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

இரக்கம் வரவில்லை. வருகிறதா என்று பொறுத்திருந்து பார்த்தேன்.

எனக்குத் தைலம் தேய்க்கக்கூட நீங்கள் வந்ததில்லை. அந்த வகையில் ஜெஸீமாவைக் கட்டிய நீங்கள் என்னைவிடக் கொடுத்து வைத்தவர். அவளைத் திட்டாதீர்கள், அவள் உங்களிடம் கற்றதைத்தான் பேசுகிறாள்.

என்னைக் கள்ளி என்று வாயால்தான் சொன்னீர்கள், காகிதத்தில் எழுதி அனுப்பவில்லை. அதையும் வாயாலேயே திருப்பி எடுக்க வேண்டும். பஸீர் நானா வராவிட்டால் நீங்களும் வரவேண்டாம்.

றமீஸா


மாத்தளை
23.11.2024

றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீ கேட்டபடி செய்துவிட்டேன். நானாவைக் கூட்டி வர நான் எத்தனை பேர் காலைப் பிடித்தேன் என்பது உனக்குத் தேவையில்லை. உன் மாமா, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மருமகன், காது கேக்காது" என்றார். அவருக்கு நன்றாகக் காது கேட்கும். இரண்டாம் தரமும் சொன்னேன். உம்மா அழுதார். நானா தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டார். திரும்பி வரும் வழி முழுக்க என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினார்.

நீ வெளியே வரவில்லை. கதவுச் சீலைக்குக் கீழே உன் கால் தெரிந்தது.

இப்போதாவது டெஸ்டின் பெயரை எழுது.

ஸப்வான்


பலாபத்வல
27.11.2024

ஸப்வான் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

சீலைக்குப் பின்னால் நின்று இரண்டு தரமும் கேட்டேன். மனசு குளிர்ந்தது. இதைக் கேட்க வாப்பா இல்லையே என்று பிறகு அழுதேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், வாசியுங்கள்.

அப்படி ஒரு டெஸ்ட் இல்லை.

என் நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. அது ரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது. கண்டி டொக்டர் என்னுடைய ரிப்போட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டு, "நல்லது, வேற வருத்தம் ஒண்டும் இல்லண்டு இதுல தெரியுது" என்றார். வாதம், தைரொய்ட் போன்றவை இல்லை என்று காட்டத்தான் அந்த டெஸ்டுகள். அதற்குப் பிறகு அவர் கடதாசியை மூடி வைத்துவிட்டு, எங்கே வலிக்கிறது, எவ்வளவு காலம், எப்படித் தூங்குகிறேன் என்று என்னிடமே கேட்டார், உடம்பைப் பரிசோதித்தார். அவ்வளவுதான். நீங்கள் காதியார் முன்னால் விரித்து வைத்த அதே ரிப்போட்டுகள்தான். நீங்கள் என்னைக் கள்ளி என்றீர்கள், அவர் நோயாளி என்றார்.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை அவர் பார்த்துச் சொல்லட்டும். மருந்தும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் உங்கள் வீட்டாரின் வாயை அடைக்கச் சிவப்புக் கோடு எதுவும் கிடைக்காது. இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் உங்களை வரச் சொன்னேன்.

டொக்டரின் பெயரும் கிளினிக் நாளும் பின்பக்கம் இருக்கின்றன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொல்வார். உங்கள் வலியைக் கண்ணால் கண்டு, ஆமாம் என்று சொல்கிற ஒருவர். எனக்கு உம்மா வந்தார். உங்களுக்கு யார் வருவார்கள்?

றமீஸா


மாத்தளை
9.12.2024

அன்புள்ள றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்த அன்று உன்மேல் வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட இருந்தேன். பிறகு பின்பக்கத்தைப் பார்த்து நம்பரை எடுத்தேன். பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, கிளினிக்குக்கு நேரம் தந்திருக்கிறார்கள்.

ஜெஸீமாவைக் கேட்டேன். "ரிப்போட்டுல இல்லாத வருத்தத்துக்கு நான் என்னத்த சாட்சி சொல்ல?" என்கிறாள். நானா, "டொக்டருக்கே நடிச்சுக் காட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உன் முகம் ஞாபகம் வந்தது. நான் செய்தது என்னவென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது றமீஸா. வெள்ளிக்கிழமை வந்து சொன்னது டெஸ்டுக்காக. இதை எதற்காகவும் சொல்லவில்லை.

இந்த வலியைப் பற்றித் தெரிந்தவள் எனக்கு நீ ஒருத்திதான். நப்லானையும் கூட்டிக்கொண்டு அன்றைக்குக் கண்டிக்கு வருவாயா? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பொய் சொல்லவில்லை என்று.

ஸப்வான்


பலாபத்வல
12.12.2024

ஸப்வான் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் வலியை நான் நம்புகிறேன். ஒரு சொல்லைக்கூடச் சந்தேகப்படவில்லை.

ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு உடம்பு சரியான வலியாக இருக்கும். அதனால் வர முடியாது.

நம்பினால் நம்புங்கள்.

றமீஸா