உடைக்காத பூசணிக்காய்

அண்ணா,

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று துடைப்பத்தை விட்டுத் துழாவினேன். உங்கள் பூசணிக்காய்தான். ஒரு பக்கம் விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு இளகியிருந்தது. மறுபக்கம் நீங்கள் கொடுத்த அன்று இருந்தது போலவே வெள்ளை மாவு பூசிக்கொண்டு கல்லாக இருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஊடே நாறுது, எடுத்துப் போடு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உங்களுக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இதை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாம் சந்தித்ததே சண்டையில்தானே. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி வாசலில் உங்கள் ஷூட்டிங் வேனைக் குறுக்கே போட்டிருந்தீர்கள். ஷிஃப்ட் பஸ் நகர முடியாமல் நின்றது. நான் இறங்கி வந்து, "ஊட்டுல உக்காந்தா டிவில அழ வெக்கிறீங்க, அது பத்தலன்னு ரோட்டுலயும் அழ வெக்கணுமா?" என்று கத்தினேன். தமிழ்நாடே பார்க்கிற அந்தப் பெரிய சீரியலின் தயாரிப்பாளர் நீங்கள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இதையே கேமரா முன்னால் சொல்வாயா என்று கேட்டீர்கள்.

கம்பெனிப் பெண்களைப் பற்றி என்னை வைத்து நீங்கள் எடுத்த தொடர் ஒரு பண்டிகைக்கும் அடுத்த பண்டிகைக்கும் நடுவிலேயே செத்துப்போனது. பார்க்க ஆளில்லை என்று சேனல் பாதியில் நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த எபிசோடில் நான் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, "மீதிய நாளைக்கு சொல்றேன்" என்பேன். அந்த நாளை வரவேயில்லை. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், அப்புறம் என்னடி சொன்னாய் என்று கேட்பாள். நான் அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக்கதை விடுவேன்.

நீங்கள் அதோடு விட்டீர்களா? பைலட் எடுக்கக் கிளம்பினீர்கள். சேனல்காரர்களுக்குக் காட்டுவதற்காக முதலில் எடுக்கிற ஒற்றை எபிசோடு அது. அவர்களுக்குப் பிடித்தால் தொடர், பிடிக்காவிட்டால் குப்பை. முதல் பைலட்டில் நான் பழவேற்காட்டில் படகு தள்ளினேன். இரண்டாவதில் திருநின்றவூரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வேலைக்கு ரயில் பிடித்தேன். இரண்டையும் எவரும் வாங்கவில்லை. ராசியில்லாத முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று உங்கள் ஆட்களே என் காதுபடப் பேசினார்கள். ராகு காலம் பார்க்காமல் காரில்கூட ஏறாத மனிதர் நீங்கள், இதை மட்டும் காதில் வாங்கவே மாட்டீர்கள். அந்தப் பெரிய சீரியலைப் பற்றிக் கேட்டால், "அங்க அழுது சம்பாரிச்சத இங்க சிரிச்சுத் தொலைக்கிறேன்" என்பீர்கள்.

ஷூட்டிங் முடிகிற நாளில் எல்லோரும் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். பைலட்டுக்கு மட்டும் நீங்கள் உடைக்கவிட மாட்டீர்கள். ஆரம்பமே ஆகாததற்கு என்ன முடிவு என்று சொல்லி, காயை என் கையில் கொடுத்தனுப்புவீர்கள். பைலட் விற்றால் காயைக் கொண்டுவா, உடைப்போம். விற்காவிட்டால் நான் வருகிறேன், சாப்பிடுவோம். இதுதான் நமக்குள் பேச்சு. இரண்டு முறையும் வந்தீர்கள். கார் நுழையாத எங்கள் சந்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்து, "படம்தான் போணி ஆவல, காயாவது ஆவட்டும்" என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். பூசணிக்காய் மோர்க்குழம்பு, நெத்திலிக் கருவாடு. ஒரு பிடி பிடிப்பீர்கள். தோற்றுவிட்டு வந்த ஆள் மாதிரியே இருக்காது. கை கழுவிவிட்டு என் முந்தானையிலேயே துடைக்காத குறையாகத் துண்டைத் தேடிக்கொண்டு, "சரி, அடுத்தது இன்னா எடுக்கலாம், சொல்லு" என்பீர்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நீங்கள் தலையை ஆட்டிக் கேட்பீர்கள். என் பேச்சை அப்படி யார் கேட்டார்கள் என் வாழ்க்கையில்?

மூன்றாவது பைலட், கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருக்கிற ஒரு விதவையின் கதை. அவள் அழவே மாட்டாள். அது சேனலுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நான் வேண்டாம், தெரிந்த முகமாக ஒருத்தியைப் போடுங்கள் என்றார்கள். அதைப் போனில் சொல்ல மனம் வராமல் நேரில் வந்தீர்கள். ரயில்வே ஸ்டேஷன் எதிரில் டீ குடித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் மனசாரத்தான் சொன்னேன்.

"வித்துடுங்கண்ணா. எனக்குக் கம்பெனி வேல இருக்குது. உங்களுக்கு இது ஒண்ணாவது வெளிய வரட்டும்."

நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள்.

"நீ இல்லன்னா அது வேற கதம்மா. வேற கதைக்கு வேற பூசணிக்கா வாங்கிக்கலாம்."

வேறு சேனலைப் பார்க்கிறேன், காயைப் பத்திரமாக வை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது. எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் கேட்டீர்களாம். கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

உங்கள் வீட்டு வாசலில் பெரிய சீரியலின் மாமியார், மருமகள், நாத்தனார் எல்லோரும் நின்று அழுதார்கள். கேமராக்காரர்கள் அவர்களைச் சுற்றியே நின்றார்கள். ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெண் மைக்கை நீட்டி, நீங்கள் எந்த சீரியல் அம்மா என்று கேட்டாள். வராத சீரியல் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நகர்ந்து போய்விட்டாள். அன்றைக்கு டிவியில் உங்களைப் பற்றிக் காட்டியதில் பழவேற்காடும் இல்லை, ரயிலும் இல்லை, டீக்கடையும் இல்லை. நீங்கள் ஆசையாக எடுத்தது எதுவுமே இல்லாமல் உங்களை அனுப்பிவைத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை, அண்ணா. இன்னும்தான் தாங்கவில்லை.

போன வாரம் உங்கள் மேனேஜர் போன் செய்தார். டீக்கடைக் கதை விலைபோய்விட்டது, தெரிந்த முகம்தான் நடிக்கிறாள், வருத்தப்படாதே, தொடரின் பூஜைக்கு வந்துவிடு என்றார். ஆபீஸ் நடக்க வேண்டாமா, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இன்று பூஜை. காலையில் மறுபடி கூப்பிட்டார். நான் அழுகின பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"கெளம்பிட்டியாமா? அந்தப் பூசணிக்காய எடுத்துக்கினு வா. அண்ணன் நெனப்பா ஒடைப்போம்."

விற்றால் உடைக்க வேண்டும் என்பதுதானே பேச்சு. ஆனால், என்னையறியாமல் உங்கள் குரலிலேயே வந்தது.

"அது வேற கத சார். வேற பூசணிக்கா வாங்கிக்கோங்க."

போனை வைத்துவிட்டு அரிவாள்மணையை எடுத்தேன். இளகின பக்கத்தை வெட்டி எறிந்தேன். மீதி பாதி நன்றாகவே இருந்தது. தேங்காய் அரைத்து, மோர் ஊற்றி, உங்களுக்குப் பிடித்த பதத்தில் இறக்கினேன். கருவாடும் வறுத்தேன். என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து, துண்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அடுத்ததற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது, அண்ணா. நல்ல கதை. யாரும் கேட்கவில்லை.