கண்ணாடியில் ஒரு வெடித்த தக்காளி

கடத்தூர்
வியாழக்கிழமை

அன்புள்ள எழிலரசிக்கு மாதவராஜ் எழுதுவது.

இங்கே நானும் கலைமதியும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருப்பதை நேற்று போனிலேயே கேட்டுவிட்டேன், அதனால் திரும்ப விசாரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். போன்ல கேட்டா ‘உன் இஷ்டம்’னு சொல்லி வெச்சிடுவீங்க, உக்காந்து எழுதி அனுப்புங்க என்று நீ சொன்னதால்தான் எழுதுகிறேன். நீ சொன்னதும் சரிதான். நேற்று அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

மழை விட்டு விட்டுப் பெய்ததில் கீழ்க்காட்டுத் தக்காளி பாதி வெடித்துவிட்டது. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சாம்பார் இப்போது கலைமதி கையில். ஒரு நாள் உப்பு இருக்கும், ஒரு நாள் இருக்காது. நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் நாளைலேருந்து நீங்களே வெச்சுக்கங்க என்பாள். உன் வாய்தான் அவளுக்கு. அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, அதை நினைத்தால்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

நீ அனுப்பிய பெட்டி திங்கட்கிழமை வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பார்த்துச் செய்ய வெடித்த தக்காளி வேண்டும் என்று நீ கேட்டாய். நான் மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் நல்ல காயாகப் போயிருக்கிறது. ஏங்க, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்கற மாதிரி பொறுக்கி அனுப்பறீங்களே என்று நீ திட்டினாய். நான் என்ன செய்வேன் சொல்லு? வெடித்த காயைக் கண்டால் என் கை தானாக எடுத்து மாட்டுப் பக்கம் எறிகிறது. ஒன்று உள்ளே போய்விட்டாலும் மண்டியில் மொத்தப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கடைசியில் எனக்குத் தெரியாமல் கலைமதிதான் மாட்டுத் தொட்டியிலிருந்து நாலைப் பொறுக்கி அனுப்பினாள்.

அதைப் பார்த்து நீ செய்த கண்ணாடித் தக்காளி இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது. காம்பைச் சுற்றிப் பச்சை மாறாத வளையம், தோள்பட்டையில் கீறல், கீறலுக்குள்ளே விதை, விதையைச் சுற்றிக் கொழகொழப்பு. தொட்டுவிட்டு விரலை வேட்டியில் துடைத்தேன். கலைமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மோட்டார் ஸ்டார்ட்டர் கேட்டு வந்த பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செய்யறதே செய்யறா, நல்ல காயா ஒண்ணு செஞ்சிருக்கலாம்ல என்றான். அதையேதான் நானும் திங்கட்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உனக்கு என்னய்யா தெரியும், கீழ வையி என்று கத்திவிட்டேன். ஸ்டார்ட்டரை வாங்காமலே போய்விட்டான். எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று பிறகு யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நீ வேலை பார்த்த லேபில் உடைந்த கண்ணாடிக் குழாயை உருக்கி முதலில் ஒரு மிளகாய் செய்து கொண்டுவந்தாயே, பச்சையே இல்லாத பச்சை மிளகாய் என்று நான் கேலி செய்தேன். அது உன்னைப் பாண்டிச்சேரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும் என்று யார் கண்டது? ஒரு வருஷம் கத்துக்கிட்டு வந்துடறேன் என்றுதான் கிளம்பினாய். இப்போது அந்தக் கண்ணாடிப் பட்டறை அம்மா பொறுப்பையெல்லாம் உன்னிடம் விட்டு இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார். மாசக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். இருக்கட்டுமா, வந்துடட்டுமா என்று நீ என்னைக் கேட்கிறாய்.

பொம்மிடிக் கல்யாணத்தில் நஞ்சம்மாள் அத்தை எல்லாரும் கேட்கிற மாதிரி, உன் பொண்டாட்டி வூட்டுக்கு வருவாளா மாட்டாளாப்பா என்றது. வேலைக்குப் போயிருக்கா அத்த என்றேன். சொல்லிவிட்டுப் பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டேன். அன்றைக்கே உன்னை வரச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் கலைமதி போனில் ஒரு வீடியோ காட்டுகிறாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீக்கு முன்னால் கம்பியைச் சுழற்றிக்கொண்டு யாரோ ஒரு பெண். நீதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க என்று ஒரு பிள்ளை கேட்கிறது. நெருப்பை லேப்லயும் பட்டறையிலயும் கத்துக்கிட்டேன், தக்காளியைப் பாக்க எங்க வூட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டேன் என்று சொல்லி நீ சிரிக்கிறாய். நான் எப்போது உனக்குக் கற்றுக்கொடுத்தேன்? காய் பறிக்கையில், பார்த்துப் பறி என்று உன்னிடம் கத்தினதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கேலியா, நிஜமா? கலைமதியைக் கேட்டால், அம்மாவையே கேளுங்க என்கிறாள். அந்த மாதிரி நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததும் ரொம்ப நாளாயிற்று.

சரி, பதிலுக்கு வருகிறேன். முதலில் ‘வந்துவிடு’ என்று எழுதினேன். அடித்தேன். ‘இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எட்டிப் பார்த்த கலைமதி, அம்மா கேட்டதுக்கு நேராப் பதில் எழுதுங்கப்பா, மாட்டுக் கன்னு கதையெல்லாம் எதுக்கு என்றாள். உனக்கு என்ன வேணும் பாப்பா என்று அவளையே கேட்டேன். எனக்கு அம்மா வேணும், ஆனா அதை எழுதிடாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லாதே.

எனக்கும் நீ வேண்டும் எழிலு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வீட்டில் யாரோடு சண்டை போடுவது என்றே தெரியாமல் மாட்டோடு சண்டை போடுகிறேன். ஆனால் வா என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் கலைமதியும் திருவண்ணாமலை போய், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் பிடித்து வருகிறோம். மாட்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன். மறுநாள் பட்டறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து நீ வேலை செய்வதை நான் ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். பார்த்தால் எனக்கு ஒரு பதில் வரும். வராவிட்டாலும் உன் முகத்தைப் பார்த்ததாவது ஆகும்.

தீக்கு முன்னால் ஜாக்கிரதையாக இரு, வேளைக்குச் சாப்பிடு. நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அந்த அம்மாவிடம் இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ எதுவும் சொல்லிவிடாதே. இது உத்தரவு இல்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உன்
மாதவராஜ்