ராகு காலத்தில் திறந்த படம்

என் ஆசை அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

போன சனிக்கிழமை கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் படத்திறப்பு. ஒன்பது மணிக்கே எல்லோரும் வந்தாயிற்று. பேராதனையிலிருந்து உங்கள் பழைய மாணவர்கள், கலகெதரப் பக்கமிருந்து நம் தோட்டத்துச் சனம். நீங்களோ பட்டுத்துணிக்குள் மூடிக் கிடந்தீர்கள். ஏன் தெரியுமா? ராகு காலமாம்! பத்தரைக்குப் பிறகுதான் திறக்க வேண்டுமாம்.

வால்வெள்ளிகளை ஆராய்ந்து வெளிநாடுகளில் பெயர் வாங்கியவர் நீங்கள். அதை விட்டுத் திரும்பி வந்து, வாராவாரம் ரேடியோவில் "சூரியன மறைக்கிறது பாம்பு இல்லீங்க, நம்ம நெலாதான்" என்று தொண்டை வறளச் சொன்னீர்கள். கடைசியில் உங்களையே ராகுவுக்குப் பயந்து மூடிவைத்தார்கள். தூ! இதைவிடக் கேவலம் உண்டா?

ஏற்பாடு செய்தது என் மகள். பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"பிள்ளைகளுக்குக் கிரகணம் சொல்லிக் குடுக்கிற நீயே இப்புடிச் செய்யலாமாடி?"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லம்மா. ஆனா எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பு! கேட்டதும் எனக்கு வெறுத்துப்போயிற்று. அவளை நினைத்து மட்டுமல்ல.

அவள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்ததே சூரிய கிரகணம், ஞாபகம் இருக்கிறதா? "வெளிய போனா பிள்ளைக்கு உதடு பிளந்துரும்" என்று சனமெல்லாம் கதவடைத்துக் கிடக்க, நீங்கள் என்னை வாவிக்கரைக்குக் கூட்டிப் போனீர்கள். ஊசித்துளை போட்ட அட்டை வழியே, வெள்ளைத்தாளில் விழுந்த பிறைச் சூரியனைக் காட்டினீர்கள். கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்பதற்காகவே பருப்பு வடை வாங்கித் தந்தீர்கள். நானும் எல்லோரும் பார்க்கத் தின்றேன். "என் தங்கச்சி மாதிரித் தைரியசாலி இந்த நாட்டுலயே இல்ல" என்று சாகும்வரை மேடைக்கு மேடை சொன்னீர்கள்.

உங்களிடம் மறைத்தது ஒன்று உண்டு, அண்ணே. அன்று சாயங்காலமே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போய் வயிற்றுப் பிள்ளைக்காக அர்ச்சனை செய்தேன். எதுக்கு வம்பு என்றுதான். அப்புறம் அத்தனை வருஷமும் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வாய் மூடி இருந்தேனே, என்ன பிறவி நான்?

கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து மேடைக்குப் போனேன்.

"அம்மா, இன்னும் இருவது நிமிசம் இருக்கு!" என்று மகள் ஓடி வந்தாள்.

துணியை உருவினேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். யாரோ கை தட்டினார்கள். எனக்கு அது கசந்தது.

அர்ச்சனைக் கதையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டிய வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நாலரை மணிக்கு, சரியாக ராகு காலம் தொடங்கும்போது. வருவாளா? எப்போது வந்தாலும் வடையைக் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இனிமேல்தான் தைரியசாலி ஆக வேண்டிய
உங்கள் தங்கச்சி