பதினாறாவது ஏத்தங்காய்

பையைத் திறந்ததுமே பாச்சை உருண்டை வாசம். உன் தங்கச்சி இன்று காலையில் கடைக்கு வந்து, உன் வாழைக்காய்ப் பாவாடையைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். தான் பாடம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஆண்டுவிழாவில் அதைக் கட்டி ஆடப்போகிறார்களாம். தொலைந்துபோன ஒரு காய்க்குப் பதில் புதிதாக ஒன்று செய்து, எல்லாவற்றையும் கெட்டியாகத் தைத்துத் தர வேண்டுமாம். மிச்சம் பதினைந்து துணிக்காய்களும் என் மடியில் கிடக்கின்றன. உள்ளே வைத்த ஸ்பஞ்சு புட்டுமாவு மாதிரி உதிர்கிறது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு காரியம் வந்து சேர்ந்திருக்கிறது.

சில வருஷம் முன்னால் ஒரு மத்தியானம் இதே கடையில் உட்கார்ந்து போனில் ஒரு பழைய படம் காட்டினாய். நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் மேடையில் ஆடிய அமெரிக்கக் கறுப்புப் பெண். இடுப்பைச் சுற்றிப் பதினாறு வாழைப்பழம். அதைத் தவிர உடுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் ஆட ஆட அவை துள்ளுகின்றன. அவளோ மாறுகண் போட்டுக் கோணல்முகம் காட்டுகிறாள். காட்டுமனுஷி வேஷத்தை வெள்ளைக்காரன் வேடிக்கை பார்க்கிறான், இதில் என்ன பெருமை என்று கேட்டேன். வேஷம்தான் அவர்கள் கொடுத்தது, கோணல்முகம் அவளுடையது என்றாய். பிறகு அவள் யுத்தத்தில் ரகசியம் கடத்தியதையும், கறுப்பர்கள் உரிமை கேட்டுத் திரண்டபோது போய் நின்றதையும், அந்தப் பாவாடையை இன்றும் பாடகிகள் ஆசைப்பட்டுக் கட்டி ஆடுவதையும் சொல்லிக்கொண்டே போனாய்.

"மேல்சீலை போட்டதுக்கு நம்ம பாட்டிமாரு அடி வாங்கின ஊரு இது. உடுப்பை அடுத்தவன் தீர்மானிக்கது என்னான்னு உனக்குத் தெரியாதா?" என்றாய்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாய். நூலக ஆண்டுவிழாவில் நீ ஆட வேண்டும், நான் தைத்துத் தர வேண்டும்.

"நம்ம நிறத்துக்குச் சிரிப்பாவ ஏட்டி," என்றேன்.

"நிறத்துக்காகத்தான் ஆடுகேன்."

பள்ளிக்கூடத்தில் கோலாட்டத்துக்கு என்னைக் கடைசி வரிசையிலாவது நிறுத்தினார்கள். உன்னைத் திரை இழுக்க விட்டார்கள். அத்தனை நன்றாக ஆடுகிறவளை. அதை நீ நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

கறுப்புப் பேன்ட், முழுக்கைச் சட்டை, அதன்மேல் பாவாடை என்று முடிவாயிற்று. வளைவு ஏத்தங்காய் வளைவாகவே, நேந்திரங்காய் மாதிரியே, இருக்க வேண்டும் என்று மூன்று முறை பிரிக்கச் சொன்னாய். நூலகச் செயலாளர் அண்ணாச்சி மரியாதை, கௌரவம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், நிறுத்தட்டும் என்றே இருந்தேன். அதனால் காய்களைக் கெட்டியாகத் தைக்காமல், பிறகு சுலபமாகப் பிரிக்கலாம் என்று மஞ்சள் நூலில் லேசாக ஓட்டி உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. நீ ஏறினாய். முன்வரிசையில் அது ஏத்தன் வாழையா சிங்கன் வாழையா என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதமே நடந்தது. நான்காவது சுற்றில் ஒரு காய் அறுந்து விழுந்து மைக் பக்கம் உருண்டது. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நீ நின்றாய். குனிந்து எடுத்தாய். நிதானமாகத் தோல் உரிப்பதுபோல் உரித்து, ஒரு கடி கடித்து, மாறுகண் போட்டு, வாயைக் கோணிக்கொண்டு, "பழுக்கல்லே அண்ணாச்சி," என்று செயலாளர் மடியில் கொண்டுபோய் வைத்தாய். அவர்தான் முதலில் சிரித்தார். அன்றைக்கு யாருமே உன் நிறத்துக்குச் சிரிக்கவில்லை. நீ சொன்ன இடத்தில், நீ சொன்னபோது சிரித்தார்கள். மிச்சக் காய்களும் விழுந்துவிடுமோ என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் விழவில்லை.

மறுநாள் பழம்பொரியோடு கடைக்கு வந்து, "உன் தையல் நின்னுச்சு மக்கா," என்றாய். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இன்றைக்கு இடுப்புப் பட்டையைப் புரட்டிப் பார்த்தேன். பதினைந்து காய்களிலும் என் மஞ்சள் நூலுக்குமேல் கறுப்பு நூல் ஓடுகிறது. நெருக்கமான, கோணலான, தையல் படியாத உன் கை. பதினாறாவது இடத்தில் மட்டும் என் மஞ்சள் நூல் அறுந்து தொங்குகிறது. அதனால்தான் அன்றைக்கு மிச்சம் ஒன்றும் விழவில்லை. மேடைக்கு முன்பே நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருக்கிறாய். பதினைந்தை நீயே தைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். என் அரைமனது உனக்குத் தெரிந்திருக்கிறது. கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, பாவி. மிஷினில் தலையைச் சாய்த்து அழுதேன்.

கட்டப்போகிற பெண் நம்மைவிடக் கறுப்பு என்று உன் தங்கச்சி சொன்னாள். முன்னால் நின்று ஆடுகிறவளும் அவள்தானாம். புதுக் காயை ஏத்தன் வளைவிலேயே செய்து முடித்துவிட்டேன். உன் கறுப்பு நூல் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பதினைந்தையும் அதன் பக்கத்திலேயே கெட்டியாகத் தைத்திருக்கிறேன். பதினாறாவதை மட்டும் மஞ்சள் நூலில் லேசாக ஓட்டியிருக்கிறேன். அது விழும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் நானே போய்ச் சொல்வேன்.