முகம் விழாத படம்

கையில் படம் கழுவிய ஹைப்போ மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. இன்று அச்சுப் போட்ட படத்தில் ஒரு தோணிக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். மீசை, நெற்றிச் சுருக்கம் வரை துலக்கமாக விழுந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவன், உன்னை நினைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாலாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. பிறகு நான் உப்புக் கம்பெனியில் குமாஸ்தா, நீ அங்கேயே உப்புச் சுமப்பவன். படம் எடுப்பது எனக்குப் பைத்தியம். அது உலகச் சண்டைக் காலம், பிலிம் குதிரைக்கொம்பு. கிடைத்த ஒரே சுருளை உன்னை எடுக்கத்தான் வைத்திருந்தேன். உச்சி வெயிலில், தலையில் ஓலைப்பெட்டி நிறைய உப்போடு உன்னை உப்பு அம்பாரத்தின்மேல் நிறுத்தினேன். "அசையாத" என்று அதட்டிவிட்டு, சாவகாசமாகக் கோணம் பார்த்தேன். உப்பின் வெள்ளை பாழாகக் கூடாதென்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினேன். பாரத்தில் உன் கழுத்து நடுங்கியது.

"ஏலே, பெட்டி நெழலு மூஞ்சில கெடக்கு. காலம்பற வா. சாய்ஞ்ச வெயிலு உப்புல பட்டு மூஞ்சிக்கே அடிக்கும்" என்றாய். தினமும் அந்த வெளிச்சத்தில் கண் கூசி வேலை செய்தவன் நீ. "எனக்கே பாடம் எடுக்கியாக்கும்?" என்று சிரித்தேன். காலையில் எழுந்து வர எனக்குச் சோம்பல், அதுதான் உண்மை.

அந்தச் சுருளின் எட்டுப் படத்திலும் உப்பு பளிச்சென்று இருந்தது, நீ கரிக்கட்டையாக இருந்தாய். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். முதலாளி ஒன்றைப் பெரிதாக்கி ஆபீஸ் சுவரில் மாட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிறந்த உன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு உன் மனைவி ஆபீஸுக்கு வந்தாள்.

"அவிய மொகம் தெரியுத படம் ஒண்ணு தாங்க அண்ணாச்சி. இவன் அப்பன பாத்ததே இல்லல்லா."

"பிலிமெல்லாம் உப்புக்காத்துல கெட்டுப்போச்சும்மா" என்று புளுகினேன்.

அவள் பார்வை சுவருக்குப் போனது. "அது யாரு? ஒரு தோள சாய்ச்சு நிக்கது அவிய மாதிரியே இருக்கு."

"அது வேற ஆளும்மா" என்றேன். அவள் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதெல்லாம் காலை வெயிலில்தான் எடுக்கிறேன். கிட்டப் போய், முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்குகிறேன். தொழில் திருந்திவிட்டது. உன் மகனுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு தோளையும் உன்னுடையது இல்லை என்று சொன்ன வாயை, எந்த வெளிச்சத்தில் கொண்டுபோய்க் காட்டுவேன்?